புழக்கடை இல்லாத வீடு



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கட்டிலிருந்து பிரித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதியது. செவ்வாய் கிரகத்தில் மனிதர்கள் குடியேறப் போகிறார்கள் என்று பள்ளியில் சொன்னார்களாம். கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வீடு, அதன் பக்கத்தில் குலை தள்ளிய வாழை, மேலே இரண்டு நிலா என்று படமும் வரைந்திருக்கிறாள். செவ்வாய்க்கு நிலா இரண்டு என்பதை மறக்காத அந்தப் பிள்ளை கடைசி வரியில் கேட்ட கேள்வி என்னை இன்னும் விடவில்லை: "அந்த வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணீர் எங்கே போகும்?"

விண்வெளிப் பயணம் பற்றி இந்த இதழில் எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. ராக்கெட்டின் உயரம், எரிபொருளின் எடை, இறங்கும் கலத்தின் வேகம் எல்லாம் எழுதியிருக்கிறோம். அங்கே போய் இறங்கியவர்கள் மறுநாள் காலை எழுந்து பல் துலக்கி, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி எப்படிக் குடித்தனம் நடத்துவார்கள் என்று ஒரு பக்கம்கூட எழுதவில்லை. ஆகவே இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுவதும் அந்த மாணவிக்குத்தான். நீங்களும் கூட இருந்து படியுங்கள்.

புழக்கடை, கொல்லை, புறவாசல் என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. என் பாட்டி வீட்டுப் புழக்கடையில் துவைக்கிற கல்லிலிருந்து ஒரு சாண் அகல வாய்க்கால் ஓடும். அது போய்ச் சேருகிற இடத்தில் வாழை, வாழையின் காலடியில் சேம்பு. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். சாணமும் சாம்பலும் இலைச் சருகும் எருக்குழிக்குப் போகும். சித்திரையில் குழியை வெட்டி வண்டியில் ஏற்றினால், தை மாதம் அது நெல்லாக வீட்டுக்குத் திரும்பும். அழுக்கு நீரைப் பழமாகவும் சாணத்தை நெல்லாகவும் மாற்றியது மண்ணும், மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிற கோடானுகோடி நுண்ணுயிர்களும். கூலி வாங்காமல் அவை செய்த வேலை அது. செய்கிறது என்ற நினைப்புகூட நமக்கு இருந்ததில்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அப்படி ஒரு கொல்லை கிடையாது. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்த வீட்டில் 2000ஆம் ஆண்டு நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட விடாமல் மனிதர்கள் இருந்து வருகிறார்கள். தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதைப் பூமியிலிருந்து சுமந்துகொண்டே இருக்க முடியாது என்பதால், 2008இல் மறுசுழற்சி இயந்திரம் ஒன்றை அனுப்பினார்கள். மூச்சிலும் வியர்வையிலும் கலந்து காற்றில் போகும் ஈரத்தை அது குளிரவைத்துப் பிடிக்கும். சிறுநீரையும் காய்ச்சி வடிக்கும். அடுப்பில் பானை வைத்தால் ஆவி தானாக மேலே எழுகிறது, நீர் கீழே தங்குகிறது. எடையில்லாத இடத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை. அதனால் ஒரு உருளையைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியின் விசையால் நீரைச் சுவரோரம் ஒதுக்கி, நடுவிலிருந்து ஆவியை எடுக்கிறார்கள். 2009 மே மாதம் நிலையத்தில் இருந்தவர்கள் அந்தத் தண்ணீர்ப் பைகளை ஒன்றோடொன்று தொட்டு வாழ்த்திக்கொண்டு குடித்த காட்சி உலகம் முழுக்க ஒளிபரப்பானது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். சிறுநீரில் 85 சதவீதத்தை நீராக மீட்க வேண்டும் என்று வடிவமைத்த இயந்திரம், சில மாதங்களிலேயே அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் படிவு, கால்சியம் சல்ஃபேட். நம் விவசாயிகள் நிலக்கடலைக்குப் போடுகிற ஜிப்சத்தின் இனம். விண்கலத்தின் குழாய்க்குள் ஜிப்சம் எங்கிருந்து வந்தது? விண்வெளி வீரர்களின் எலும்பிலிருந்து. உடலின் பாரத்தைத் தாங்கும் வேலை இல்லாதபோது இடுப்பு எலும்பு போன்றவை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் அடர்த்தியை இழக்கின்றன. கரைந்த கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீர் கெடாமல் இருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது கூடிக் கல்லாகப் படிந்துவிட்டது. பூமியில் நல்ல எலும்புள்ளவர்களின் சிறுநீரை வைத்துச் சோதித்தபோது இது அந்த அளவுக்குத் தெரியவில்லை. மீட்கும் அளவை 70, 75 சதவீதம் என்று குறைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டினார்கள். கந்தக அமிலத்துக்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்த பிறகுதான் நிலைமை சீரானது. ஒரு மனிதனின் எலும்பும் சுவருக்குள் ஓடும் குழாயும் இப்படிக் கோத்துக் கிடக்கும் வீடு அது. அங்கே மருத்துவரும் குழாய் ரிப்பேர்காரரும் ஒரே நோயைத்தான் பார்க்கிறார்கள்.

மிஞ்சிய கெட்டியான உப்புநீரை ஒரு சவ்வுப் பையில் ஊற்றி, அதன் மேல் வெதுவெதுப்பான உலர்ந்த காற்றை ஓடவிட்டுக் கடைசி ஈரத்தையும் வாங்கும் கருவி 2021இல் போய்ச் சேர்ந்தது. 93, 94 சதவீதமாக இருந்த மொத்த மீட்பு அதனால் 98 சதவீதத்தைத் தொட்டதாக 2023 ஜூனில் நாசா அறிவித்தது. நாலு சதவீதம்தானே என்று தோன்றலாம். நாலு பேர் செவ்வாய்க்குப் போய்த் தங்கித் திரும்ப ஏறத்தாழ 900 நாள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 4 லிட்டர் கணக்கில் 14,400 லிட்டர், நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றுக்கும் மேல். 94 சதவீதம் திரும்பி வந்தால் 864 லிட்டர் இழப்பு. 98 சதவீதம் வந்தால் 288 லிட்டர்தான். இழக்கும் நீரைப் பூமியிலிருந்து தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

தண்ணீர் இப்படி என்றால், காற்று இன்னும் கஷ்டம். நீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜனை மூச்சுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சும் ஹைட்ரஜனை, மூச்சில் வெளிவந்த கரியமில வாயுவோடு சேர்த்தால் மறுபடி நீர் கிடைக்கும். 1912இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே கண்ட வினை அது. ஆனால் அந்த வினையில் மீத்தேனும் உண்டாகிறது. அதை வெளியே விட்டுவிடுகிறார்கள். மீத்தேனோடு ஹைட்ரஜனும் போய்விடுவதால் எல்லாக் கரியமில வாயுவையும் நீராக்க ஹைட்ரஜன் போதாது. மூச்சில் போன ஆக்சிஜனில் பாதியளவுதான் திரும்பக் கிடைக்கிறது.

திடக் கழிவு? சரக்குக் கொண்டு வந்த கலங்களிலேயே குப்பையை அடைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அவற்றில் பல, காற்று மண்டலத்துக்குள் நுழைகையில் குப்பையோடு எரிந்துபோகின்றன. ஆக, கொல்லை இல்லாத அந்த வீடு நம் வானத்தைத்தான் கொல்லையாகப் பயன்படுத்துகிறது. 2021 மார்ச்சில் பழைய பேட்டரிகளை ஒரு பெரிய பலகையோடு கழற்றி விட்டார்கள். மூன்றாண்டு சுற்றிவிட்டு 2024 மார்ச் 8 அன்று அது காற்று மண்டலத்தில் விழுந்தது. முழுவதும் எரிந்துவிடும் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஓர் உலோகத் துண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நேபிள்ஸ் நகரத்து வீடு ஒன்றின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

சரி, இயந்திரத்தை நம்புவதைவிட மண்ணையே கையோடு கொண்டுபோனால் என்ன? பாட்டி வீட்டுக் கொல்லையை அப்படியே கண்ணாடிக் கூரைக்குள் வைத்துவிட்டால்? இதையும் மனிதர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆரக்கிள் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 3.14 ஏக்கரில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு கட்டடம் இருக்கிறது. பயோஸ்ஃபியர் 2 என்று பெயர். முதலாவது பயோஸ்ஃபியர் நம் பூமிதான் என்பதால் இது இரண்டு. உள்ளே சிறு மழைக்காடு, சிறு கடல், சதுப்பு நிலம், புல்வெளி, வயல். 1991 செப்டம்பர் 26 அன்று நாலு ஆண்களும் நாலு பெண்களும் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் உள்ளேயே உழுது, விதைத்து, அறுத்து, ஆடு கறந்து சாப்பிட வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு நன்றாக வந்தது. அதையே தின்று தின்று சிலருக்குத் தோல் மஞ்சள் பாரித்தது. வாழையும் பப்பாளியும் காய்த்தன. வீட்டுக் கழிவுநீரை நீர்த்தாவரங்கள் அடர்ந்த தொட்டிகளில் விட்டு, தெளிந்த பிறகு வயலுக்குப் பாய்ச்சினார்கள். நான் பார்த்து வளர்ந்த அதே வாய்க்கால், அதே வாழை.

ஆனால் மாதங்கள் போகப் போக உள்ளே இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாத களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. காற்றில் 20.9 சதவீதம் இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் 14.2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்து மலையில் குடியிருப்பதற்குச் சமம். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தித்தான் சோதனையைத் தொடர முடிந்தது.

ஆக்சிஜன் எங்கே போனது? மண்தான் எடுத்துக்கொண்டது. நன்றாக விளைய வேண்டும் என்று மட்கு உரம் கலந்து கொழுத்த மண்ணைப் போட்டிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் செடிகள் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் மூச்சு வாங்கின. ஆனால் அதிலும் ஒரு புதிர் இருந்தது. ஆக்சிஜன் குறைந்த அளவுக்குக் கரியமில வாயு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜெஃப் செவரிங்ஹாஸ் என்பவர்தான் அதைக் கண்டுபிடித்தார். பூசாமல் விட்ட கான்கிரீட் சுவர்கள் கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாறிக்கொண்டிருந்தன. நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து நாள் போகப் போகக் கல்லாக இறுகுவது காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கித்தான். செடிக்குத் திரும்பிப் போய் ஆக்சிஜனாக வர வேண்டியது, சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சோதனையைத் தோல்வி என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. உள்ளே இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச்சை நிறுத்திக்கொண்டதையும், மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் அழிந்து எறும்பும் கரப்பானும் பெருகியதையும் விரித்து எழுதின. எனக்கு அந்த எட்டுப் பேர் மீது பெரிய மரியாதை உண்டு. தங்கள் உணவில் 83 சதவீதத்தை அந்த மூன்று ஏக்கருக்குள்ளேயே விளைவித்தவர்கள் அவர்கள். ஒரு சுவரைப் பூசாமல் விட்டால் மூச்சே முட்டும் என்பதை அவர்கள் உடம்பைக் கொடுத்தல்லவா நமக்குத் தெரிய வைத்தார்கள்! செவ்வாயில் இது நடந்திருந்தால் ஆக்சிஜன் கொண்டுவர எந்த லாரியும் வந்திருக்காது.

இந்த வேலையில் அவர்கள் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்கில் 1972, 73இல் மூன்று மூன்று பேராக ஆறு மாதம், 315 கன மீட்டர் அடைபட்ட இடத்துக்குள், கோதுமையும் காய்கறியும் தந்த காற்றிலேயே மூச்சுவிட்டு இருந்து காட்டினார்கள். பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் "யுவேகோங் 1", அதாவது நிலா மாளிகை, என்ற கூடத்தில் எட்டு மாணவர்கள் இரண்டு அணியாக முறைவைத்து 370 நாள் தங்கினார்கள். 2018 மே மாதம் அது முடிந்தது. அங்கே மனிதர் தின்ன முடியாத தாளையும் தண்டையும் ஒரு வகைப் புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவைப் புரதத்துக்காக உணவில் சேர்த்தார்கள். நம் கொல்லையில் வைக்கோலைத் தின்று பால் கொடுத்த மாட்டின் இடத்தில் ஒரு புழு. பெரிய வீட்டில் மாடு, சிறிய வீட்டில் புழு. கணக்கு ஒன்றுதான்.

நிலா மண்ணும் செவ்வாய் மண்ணும் இருக்கிறதே என்று கேட்கலாம். அவை பொடியாகிய பாறை. உயிர் இருந்து செத்து மட்கிச் சேர்ந்தால்தான் அது நாம் சொல்கிற மண். அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலாத் துகளில் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வளர்த்துப் பார்த்த முடிவு 2022இல் வந்தது. முளைத்தது, ஆனால் சவலைப் பிள்ளையாய் வளர்ந்தது. செவ்வாயின் துகளில் பெர்குளோரேட் என்ற உப்பு கலந்திருப்பதை ஃபீனிக்ஸ் கலம் 2008இல் கண்டது. தைராய்டைக் கெடுக்கும் நஞ்சு அது. அங்கே மண் செய்வதே ஒரு தலைமுறை வேலையாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் சிறு சிறு செய்திகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. 2015 கடைசியில் விண்வெளி நிலையத்தில் வளர்ந்த ஜினியாச் செடிகளில் பூஞ்சணம் பிடித்தது. பூமியிலிருந்து வந்த அட்டவணைப்படி தண்ணீர் விடாமல், செடியின் முகத்தைப் பார்த்து விடுகிறேன் என்று அங்கிருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டார். 2016 ஜனவரியில் பூ மலர்ந்தது. நம் இஸ்ரோ 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட்டின் நாலாவது அடுக்கு, வேலை முடிந்ததும் வெறும் குப்பையாகச் சுற்றியிருக்க வேண்டியது. அதையே ஓர் ஆய்வு மேடையாக்கி, எட்டுக் காராமணி விதைகளை அதில் வைத்தார்கள். நாலே நாளில் முளைவிட்டன. அடுத்த வாரம் இலை எட்டிப் பார்த்தது. வேலை முடிந்த அந்த மேடையும் 2025 ஏப்ரலில் வானத்தில் தங்காமல் காற்று மண்டலத்துக்குள் இறங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம் விண்வெளி நிலையத்துக்குப் போன நம் வீரர் சுபான்ஷு சுக்லா அங்கே வெந்தயமும் பாசிப்பயறும் முளைகட்டினார். நம் வீட்டு அடுக்களையில் ஈரத்துணியில் முடிந்துவைக்கிற அதே வேலை. இத்தனை சின்ன விஷயத்துக்காக ராக்கெட்டா என்று ஒரு வாசகர் அப்போது வருத்தப்பட்டு எழுதியிருந்தார். ஐயா, அந்த முளை வளர்ந்து, விதை தந்து, அந்த விதை மறுபடி முளைத்தால்தான் அங்கே ஒரு வீடு உண்டு என்று சொல்ல முடியும்.

நிலாவுக்கு மறுபடி மனிதர்களை அனுப்பப் பல நாடுகள் மும்முரமாக இருக்கின்றன. தென்துருவத்தின்மேல் எல்லோருக்கும் கண். அங்கே சூரிய வெளிச்சமே படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது. நிலாவில் நீரின் தடயம் இருப்பதை உறுதிப்படுத்தியதில் நம் சந்திரயான் 1க்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் அந்தப் பனியைக் குடிக்கவும் ராக்கெட் எரிபொருளாக்கவும் வெட்டலாம் என்று எளிதாகப் பேசுவதைக் கேட்டால் மனம் பதறுகிறது. அது ஓடும் ஆறு இல்லை. மிக நீண்ட காலமாகத் துளித் துளியாகச் சேர்ந்த சேமிப்பு. நூறடியில் கிடைத்த நீருக்கு ஆயிரம் அடி ஆழ்துளை போடும் நிலைக்கு வந்துவிட்ட ஊர்களில் வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1967இல் ஏற்பட்ட விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் நிலாவைத் தனதென்று உரிமை கொண்டாட முடியாது என்கிறது. தோண்டி எடுத்த பனி யாருக்குச் சொந்தம், எவ்வளவு எடுக்கலாம் என்பதில் இன்னும் உலகம் ஒருமித்துப் பேசவில்லை. 1969க்கும் 1972க்கும் நடுவே நிலாவில் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். அதிகம் தங்கியவர்களே மூன்று நாள்தான். அவர்கள் விட்டுவந்த கழிவுப் பைகள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன. விருந்தாளியாகப் போனவர்கள் விட்டதை மன்னிக்கலாம். குடியிருக்கப் போகிறவர்கள் அப்படிச் செய்ய முடியாது.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் சிறு வயதிலிருந்து உண்டு. ராக்கெட் செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் பணமும் புகழும் மண்ணியல் ஆய்வாளருக்கும், நுண்ணுயிர் படித்தவருக்கும், சிறுநீர் வடிக்கும் உருளையைப் பத்தாண்டாகப் பழுது பார்த்தவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். நிலாவுக்கு நாள் குறிப்பதற்கு முன், பூமியிலேயே அடைத்த கதவுக்குப் பின்னால் ஐந்தாண்டு, பத்தாண்டு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும். மீத்தேனும் குப்பையும் வெளியே போகாத வீடாக அது இருக்கட்டும். அவசரத்தில் போனால் அங்கே பலியாகப் போவது நம் பிள்ளைகள்.

இனி உனக்கு, கண்ணு. பாத்திரம் கழுவின தண்ணீர் எங்கேயும் போகக் கூடாது, வீட்டுக்குள்ளேயே திரும்பி வர வேண்டும் என்பதுதான் உன் கேள்விக்குப் பதில். உன் படத்தில் வாழையை வீட்டுக்கு வெளியே நட்டிருக்கிறாய். செவ்வாயில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை. குளிர் வேறு. வெளியே நட்டால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அதனால் வாழையை உள்ளே கொண்டுவந்து இன்னொரு படம் வரைந்து அனுப்பு. பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து அதன் அடி வரைக்கும் ஒரு வாய்க்கால் போடு. நடுவில் நீர்த்தாவரம் வைத்த தொட்டி ஒன்று, மிஞ்சும் தழையைத் தின்ன ஒரு புழுப் பெட்டி. சுவர் கான்கிரீட் என்றால் பூச்சு பூச மறந்துவிடாதே. படம் வந்ததும் அடுத்த இதழின் பின்னட்டையில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்